பதுங்குகுழிக்குள் ஒரு ஷிப்ட்

ஆய்வேட்டின் நான்காம் இயலை மே மாத இறுதிக்குள் நெறியாளரிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். ஒப்படைக்கவில்லை. தரவுகளைச் சரிபார்க்கிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில், விடுமுறைக்கு ஊருக்கு வந்த நாள்முதல் இரவுகளில் ஒரு கணினி விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தேன். அந்த விளையாட்டைப் பற்றியும், அதே வரிசையில் அதற்கு முன்பு வந்தவற்றைப் பற்றியும், அவை எங்கள் வீட்டுக்குள் நிகழ்த்திய ஒன்றைப் பற்றியும் எழுதுகிறேன். நீளமான பதிவு. பின்பாதியில் கதையின் முடிச்சு வெளிப்பட்டுவிடும். ஆட நினைப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்கவும்.

ஊர் மைசூர் மைன்ஸ். கோலார் தங்கவயல் என்றால் வெளியூர் நண்பர்களுக்கு 2018இலும் 2022இலும் வந்த இரண்டு திரைப்படங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. ஊர் பெயரைச் சொன்னதும் யாராவது ஒருவர் அந்தக் கதாநாயகனைப் போலக் குரலை மாற்றிப் பேசிக் காட்டுவார். சிரித்துவைப்பேன். இங்கே சயனைடு மேடுகள் இருக்கின்றன, துருவேறிய ஷாஃப்ட் கோபுரங்கள் இருக்கின்றன, லைன் வீடுகள் இருக்கின்றன. விடியும் முன்பே மாரிக்குப்பம் நிலையத்தில் பெங்களூரு ரயிலைப் பிடிக்க ஓடுகிற கூட்டமும் இருக்கிறது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு இந்த ஊரின் முதல் ஷிப்ட் அந்த ரயில்தான். தாத்தா, அப்பா இருவரும் பூமிக்குக் கீழே வேலை செய்தவர்கள். அப்பா டிம்பர்மேன், பாறைக்கு மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. நான் அவர்களுடைய வேலையைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன்.

விளையாட்டின் பெயர் ‘அம்னீசியா: தி பங்க்கர்’. ஃப்ரிக்ஷனல் கேம்ஸ் என்ற ஸ்வீடன் நிறுவனம் 2023 ஜூனில் வெளியிட்டது. எதிரியை வீழ்த்துவதைவிட உயிர்தப்புவதையே நோக்கமாகக் கொண்ட ‘சர்வைவல் ஹாரர்’ வகையைச் சேர்ந்தது. அம்னீசியா வரிசையில் இது நான்காவது. 2010இல் ‘தி டார்க் டிசென்ட்’, 2013இல் ‘எ மெஷின் ஃபார் பிக்ஸ்’, 2020இல் ‘ரீபர்த்’. இவற்றுக்கெல்லாம் மூத்ததாக அதே நிறுவனம் 2007இல் ‘பெனம்ப்ரா: ஓவர்ச்சர்’ என்ற ஒன்றையும் வெளியிட்டிருந்தது. பெயர் வேறாயினும் இந்தக் குடும்பத்தின் பாட்டன் அதுதான்.

‘தி டார்க் டிசென்ட்’ விளையாட்டை முதுகலை படிக்கும்போது விடுதி நண்பனின் கணினியில் பார்த்தேன். 1839ஆம் ஆண்டு, ஒரு பிரஷ்யக் கோட்டை, நினைவை இழந்த டேனியல் என்ற இளைஞன், கையில் ஓர் எண்ணெய் விளக்கு. ஆயுதம் கிடையாது. அதன் புகழுக்குக் காரணம் மனநிலையை அளக்கும் அதன் ஏற்பாடு. இருட்டில் நின்றாலே டேனியலின் மனம் கலங்கத் தொடங்கும். திரை நெளியும், பற்கள் நறநறக்கும், மூச்சு இரைக்கும். வெளிச்சத்துக்கு வந்தால் மெல்லத் தெளிவான். அதே சமயம் அரக்கர்களிடமிருந்து ஒளிவதற்கு இருட்டுதான் வேண்டும். இந்த முரணில் ஆடுபவரை மாட்டிவைத்ததுதான் அந்த விளையாட்டின் சாமர்த்தியம். விடுதியில் எல்லோரும் அரக்கனைக் கண்டு அலறினார்கள். எனக்கு அந்த மூச்சு ஒலிதான் பொறுக்க முடியாததாக இருந்தது.

எங்கள் லைன் வீடு பெரும்பகுதியும் ஒரே அறை. எனக்கு எட்டு வயதாகும்வரை தாத்தாவின் கட்டிலுக்கு அடியில் பாய்விரித்துப் படுத்தேன். கல்தூசு குடித்த நுரையீரல் இரவில் எழுப்பும் ஓசை, டேனியலின் மூச்சுக்கு மிக அருகில் இருக்கும். 1940களில் இந்தச் சுரங்கத் தொழிலாளர்களிடம் நடத்தப்பட்ட மருத்துவ ஆய்வில், சோதிக்கப்பட்டவர்களில் பத்தில் நான்கு பேருக்கும் மேல் சிலிகோசிஸ் இருந்தது பதிவாகியிருக்கிறது. அந்த எண்ணை என் இரண்டாம் இயலில் அட்டவணையாகக் கொடுத்திருக்கிறேன். தாத்தாவின் மூச்சை எந்த இயலிலும் கொடுக்கவில்லை. அன்றிரவு விடுதி அறையிலிருந்து பாதியில் எழுந்து வந்துவிட்டேன். பேய்க்குப் பயந்துவிட்டேன் என்று நண்பர்கள் கேலி செய்தார்கள்.

அதற்குப் பிறகு வரிசையில் வந்தவற்றை ஓரளவு ஒழுங்காகவே ஆடியிருக்கிறேன். இந்த முறை ஊருக்கு வரும்போது ‘பங்க்கர்’ விளையாட்டைத் தரவிறக்கிக்கொண்டு வந்தேன்.

1916, மேற்குப் போர்முனை. ஹென்றி க்ளெமான் என்ற பிரெஞ்சுச் சிப்பாய் நிலத்தடிப் பதுங்குகுழியில் கண்விழிக்கிறான். அதிகாரிகள் வெளியேறி வாசலைத் தகர்த்து மூடிவிட்டார்கள். உள்ளே ஒரு மிருகம் சுவர்களுக்குப் பின்னால் வளை அமைத்து அலைகிறது. வெளியேற வேண்டுமென்றால் டைனமைட்டும் அதை வெடிக்கவைக்கும் கருவியின் கைப்பிடியும் தேடிக் கண்டுபிடித்து வாசலைத் தகர்க்க வேண்டும். பதுங்குகுழி முழுவதற்கும் ஒரே ஜெனரேட்டர். எரிபொருள் டப்பாக்களைத் தேடிக் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். அது எத்தனை நிமிடம் ஓடும் என்பதைச் சட்டைப்பை கடிகாரம் காட்டும். விளக்கு எரியும்வரை மிருகம் பெரும்பாலும் ஒதுங்கியிருக்கும். கையில் இருப்பது கயிற்றை இழுத்துச் சுற்றுகிற டைனமோ டார்ச். இழுக்கும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் போடும். சத்தம் கேட்டால் மிருகம் வரும். ஆட்டத்தைச் சேமிக்க நடுவில் உள்ள ஓர் அறைக்குத் திரும்பியாக வேண்டும்.

முந்தைய மூன்றிலும் மிருகம் எங்கே எப்போது வரும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே எழுதப்பட்டது. ஒருமுறை செத்தால் சில இடங்களில் அதுவே விலகிக்கொள்ளும். ‘பங்க்கர்’ விளையாட்டில் அது எப்போதும் எங்கோ இருக்கிறது. பூட்டுகளின் எண்களும் பொருள்கள் கிடக்கும் இடங்களும் புதிதாகத் தொடங்கும்போதெல்லாம் மாறும். ஆகவே மனப்பாடம் உதவாது. ஆனால் முதன்மையான மாற்றம் வேறொன்று. டேனியலின் மனநிலையை அளந்த ஏற்பாட்டை இங்கே எடுத்துவிட்டார்கள். ஹென்றிக்கு இருட்டில் பைத்தியம் பிடிப்பதில்லை. அவனிடம் எண்ணெய் குறைகிறது, நேரம் குறைகிறது, கையில் சுமக்கக்கூடியது குறைவாக இருக்கிறது.

இதையெல்லாம் நான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆடியிருந்தால் இந்தப் பதிவு இங்கேயே முடிந்திருக்கும். நான்காம் நாள் ஹெட்போனின் ஒரு பக்கம் பழுதானது. அம்மா அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். அப்பா தூங்கிவிட்டார் என்று நினைத்து மடிக்கணினியின் ஒலிபெருக்கியிலேயே மெதுவாக வைத்து ஆடினேன்.

“இன்னாடா அது, கறக்கு கறக்குன்னு?”

டார்ச் என்றேன். எழுந்து வந்து பின்னால் நின்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “இவ்ளோ சத்தத்துல கட்ட பேசறது எப்பிடிடா கேக்கும்?”

கட்டை பேசுவது என்றால் முட்டுக் கொடுத்த மரம் பாறையின் பாரம் ஏற ஏற முனகுவது. அந்த முனகலின் தன்மையை வைத்தே, இருக்கலாமா கிளம்ப வேண்டுமா என்று டிம்பர்மேன் முடிவு செய்வான். எனக்கு இது அன்றுதான் தெரிந்தது. மூன்று முறை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கி, ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்து அப்பாவை நேர்காணல் செய்திருக்கிறேன். மூன்று பதிவுகளும் சேர்ந்து நாற்பது நிமிடம் வராது. “முதல் நாள் கீழே இறங்கியபோது எப்படி உணர்ந்தீர்கள்?” “இருட்டு பயமாக இருந்ததா?” என்பவை என் வினாநிரலில் இருந்த கேள்விகள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: “வேல தானே.”

அன்றிரவு அவர் என்னை ஆடவிடவில்லை என்றே சொல்ல வேண்டும். ஓடாதே என்றார். வந்த வழியைப் பார்த்துக்கொண்டே போ என்றார். ஜெனரேட்டர் நின்று விளக்குகள் அணைந்ததும் நான் பதறினேன், அவர் நிதானமாகக் கேட்டார்: “லைட்டு போச்சு, சரி. காத்து எங்கேர்ந்து வருது? ஃபேன் எங்க ஓடுது?” விளையாட்டில் அதற்கு இடமில்லை என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. பக்கத்துச் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது; அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மின்சாரம் என்பது அங்கே வெளிச்சத்துக்கு முன்பு காற்றும், காற்றோடு சேர்த்துத் தண்ணீரை வெளியே இறைக்கும் பம்பும்தான். சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து 1902இல் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருத் தெருவிளக்குகள் அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் எரிந்தன. ஊர்ப்பெருமையாக இதைச் சொல்வோம். இயந்திரங்களுக்கு அது எவ்வளவு தேவைப்பட்டது என்பதும் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது.

மறுநாளிலிருந்து எனக்குள் இருந்த ஆய்வாளன் விழித்துக்கொண்டான். முந்தைய விளையாட்டுகளை ஒவ்வோர் இரவும் ஒன்றாக அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். இதை முறையியல் என்று சொல்ல மாட்டேன். மதிப்பீட்டுக் குழுவும் ஒத்துக்கொள்ளாது.

‘தி டார்க் டிசென்ட்’ பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. டேனியலின் திரை நெளிவதைப் பார்த்துவிட்டு, “இருட்டுல நின்னா பைத்தியம் புடிக்குமா? அப்ப நாங்கல்லாம் யாரு?” என்று கேட்டுவிட்டு டீ போடப் போய்விட்டார். நான் ஒரு காலத்தில் மேதைமை என்று வியந்த ஏற்பாடு அது. இருட்டைக் காணாதவர்களுக்காக இருட்டைக் காணாதவர்கள் கட்டியது என்று அந்தக் கணத்தில் தோன்றியது. முழுக்க நியாயமான தீர்ப்பல்ல; தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் துரத்தும் பிராணி வருகிற பகுதியை நான் இன்றும் வணங்குகிறேன். இயற்பியலாளர்கள் 1965இல் தங்கவயலின் ஆழத்தில்தான் வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்தார்கள். மேலிருந்து வரும் மற்றத் துகள்களைப் பாறை தடுத்துவிடும் என்பதால் அந்த ஆழம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஒரே இடத்தின் இருட்டு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரியத்துக்கு உதவுகிறது என்பதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

‘எ மெஷின் ஃபார் பிக்ஸ்’ விளையாட்டைச் செய்தது தி சைனீஸ் ரூம் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். 1899ஆம் ஆண்டின் கடைசி நாள், லண்டன், ஆலை முதலாளி ஒருவனின் மாளிகைக்கு அடியில் மனிதர்களைத் தின்னும் ஓர் இயந்திரம். விளக்கில் எண்ணெய் தீராது, மனநிலை அளவீடு கிடையாது, பொருள் சேகரிப்பும் கிடையாது. நடந்துகொண்டே படிக்க வேண்டியதுதான். இதனாலேயே ரசிகர்கள் அதைத் திட்டினார்கள். தொழிலாளி என்ற சொல்லை இந்த வரிசையில் நேராக நினைத்துப் பார்த்தது அது ஒன்றுதான் என்று நான் வாதிட்டு வந்திருக்கிறேன். தங்கவயலை நடத்திய ஜான் டெய்லர் நிறுவனத்தின் தலைமையகமும் அதே லண்டன் என்பதால் எனக்கு அதில் கூடுதல் ஈடுபாடு. அப்பா கேட்டது ஒன்றே: “இந்த லாந்தர் அணையவே அணையாதா?” அணையாது என்றேன். “அப்பறம் இன்னா.” என் வாதத்தின் பெரும்பகுதி அந்த இரண்டு சொற்களில் சரிந்தது. உருவகத்தில் தொழிலாளி இருக்கிறான். ஆடுபவரின் கையில் வேலை எதுவும் இல்லை.

‘ரீபர்த்’ பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1937, அல்ஜீரியப் பாலைவனம், கர்ப்பிணியான ஒரு பெண், நொடிகளில் எரிந்து தீரும் தீக்குச்சிகள். அப்பாவுக்கு அந்தப் பெண்ணைப் பார்த்து மனம் பொறுக்கவில்லை. நிறுத்து என்றார்.

‘பெனம்ப்ரா: ஓவர்ச்சர்’ வேறுவிதமாக அமைந்தது. கிராபிக்ஸ் பழையது, கையில் சுத்தியலையோ பிக்காஸையோ வைத்துக்கொண்டு நாயை அடிக்கிற சண்டைக் காட்சிகள் நகைப்புக்குரியவை. அடுத்த பாகத்தில் தயாரிப்பாளர்களே ஆயுதங்களை நீக்கிவிட்டார்கள். ஆனால் அதன் களம் கிரீன்லாந்தில் கைவிடப்பட்ட ஒரு சுரங்கம். பார்த்தறியாத தந்தையிடமிருந்து மகனுக்குக் கடிதம் வருகிறது. ஆவணங்களை அழித்துவிடு என்கிறார் தந்தை. மகன் அழிக்காமல் தேடிக்கொண்டு போய்ச் சுரங்கத்துக்குள் இறங்குகிறான். அப்பாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இடறியது. அவர் கவனித்தாரா தெரியவில்லை. உள்ளே ரெட் என்ற ஒருவன் ரேடியோவில் பேசுகிறான். எல்லோரும் போன பிறகு தனியாகக் கீழேயே தங்கிப் புத்தி பேதலித்த தொழிலாளி. அவனுடைய உளறலை அப்பா வெகுநேரம் கேட்டார். ஆங்கிலம் எவ்வளவு புரிந்தது என்று சொல்ல முடியாது. கடைசியில், “ஷிப்ட் முடிஞ்சி மத்தவங்க மேல போய்ட்டாங்களா?” என்று மட்டும் கேட்டார்.

மீண்டும் ‘பங்க்கர்’ விளையாட்டுக்கு வந்தோம். இப்போது அப்பா ஒரு பழைய நோட்டின் பின்பக்கத்தில் தாமே வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். எந்த அறையில் எண்ணெய் டப்பா எடுத்தாயிற்று, எந்தக் கதவு பூட்டு, எலி எங்கே இருக்கிறது என்று குறித்தார். விளையாட்டின் வரைபடம் சுவரில் இருக்கிறது என்றேன். அது ஆபீசர் போட்டது என்றார்.

நான் எச்சரித்த முடிச்சு இதுதான். சுவருக்குப் பின்னால் அலையும் மிருகம் முன்பு லம்பெர் என்ற சிப்பாய், ஹென்றியின் நண்பன். யார் ரோந்துக்குப் போவது என்று இருவரும் பகடை போட்டார்கள். ஹென்றி கள்ளப் பகடை வைத்து ஏமாற்றினான். அவனுக்குப் பதிலாக லம்பெர் போனான், திரும்பவில்லை. தேடிப்போன ஹென்றி அவனைக் குண்டுப் பள்ளத்தில் கண்டு, அங்கே கிடந்த தண்ணீரைக் கொடுத்தான். அந்தத் தண்ணீர்தான் அவனை மாற்றியது.

முந்தைய விளையாட்டுகளின் குற்றங்கள் பிரம்மாண்டமானவை. டேனியல் தன்னைக் காத்துக்கொள்ள மனிதர்களைச் சித்திரவதை செய்தவன். ஆலை முதலாளி சொந்தப் பிள்ளைகளையே பலிகொடுத்தவன். அந்தக் குற்றங்களுக்குள் நம்மைப் பொருத்திப் பார்க்க முடியாது; நாடகம் பார்ப்பதுபோலப் பார்க்கலாம். ‘பங்க்கர்’ விளையாட்டின் குற்றம் ஒரு வேலை நேரத்தை இன்னொருவன் தலையில் கட்டியது. நான்கு விளையாட்டுகளில் இதையே உயர்ந்ததாகக் கருத எனக்கு இருக்கும் முதல் காரணம் இது. பிற்பகுதியில் ரோமானியர் காலச் சுரங்கவழிகளுக்குள் கதை நுழையும்போது மறுபடியும் பழைய கோட்டை வாசனை அடிக்கிறது. அது எனக்கு உவப்பில்லை.

இந்தப் பகடைக் கதையை அப்பாவுக்குச் சொன்னேன். ரோந்து என்பதை ஷிப்ட் என்று மொழிபெயர்த்தேன். அப்படிச் செய்திருக்கக்கூடாதோ என்று இப்போதும் யோசிக்கிறேன்.

அவர் நோட்டை மூடினார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாசலில் நின்றார். சயனைடு மேட்டுப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. திரும்பி வராமல், அங்கிருந்தபடியே பேசினார்.

“நான் ஏமாத்தல. கேட்டேன். அவன் சரின்னான்.”

அம்மாவைப் பெண் பார்க்கப் போன நாள் அது. அப்பாவுக்கு இரண்டாவது ஷிப்ட். நண்பர் மாற்றிக்கொண்டார். அன்று மாலை ஏர் பிளாஸ்ட். இங்கே பாறை வெடிப்பைப் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அழுத்தம் தாங்காமல் ஆழத்துப் பாறை உடைந்து தெறிப்பது. மேலே லைன் வீடுகளில் பாத்திரம் உருளும். என் சிறுவயதில் அந்த அதிர்வுகளை நானும் உணர்ந்திருக்கிறேன், விளையாட்டாக எண்ணியிருக்கிறேன். பெண் பார்த்துவிட்டு அப்பா ரயிலிலிருந்து இறங்கும்போது நிலையத்திலேயே செய்தி சொல்லிவிட்டார்கள். மற்ற விவரங்களை அவர் சொன்னார், எழுத மாட்டேன். “பேரு போடாத. அவங்க வீட்டுக்கு இது தெரியாது” என்றார். இந்தப் பதிவையும் அவருக்கு வாசித்துக் காட்டி, அவர் நீக்கச் சொன்ன இரண்டு வாக்கியங்களை நீக்கிவிட்டுத்தான் இடுகிறேன்.

முப்பது வருடமாக நான் இருந்த வீட்டில் இது இருந்திருக்கிறது. மூன்று நேர்காணல்களில் நான் இதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. போயிருக்கவும் முடியாது. என் வினாநிரல் ‘தி டார்க் டிசென்ட்’ போலக் கட்டப்பட்டிருந்தது: இருட்டு, அதன் விளைவாகப் பயம், அந்தப் பயத்தின் அளவு. அப்பாவிடம் அந்த மாதிரிப் பயம் இல்லை. ஆகவே சொல்லவும் இல்லை. விளக்கு எவ்வளவு நேரம் தாங்கும், யார் எங்கே நிற்கிறார்கள், யாருடைய இடத்தில் யார் போனார்கள் என்று கேட்டிருந்தால் ஒருவேளை பேசியிருப்பார். வினாநிரலைக் கிழித்துவிட்டேன். புதிதாக எழுதியிருப்பதில் “உணர்ந்தீர்கள்” என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. நெறியாளர் இதைப் படிக்கக்கூடும். நான்காம் இயல் தாமதமாவதற்கான விளக்கமாக இதை ஏற்றுக்கொள்வாரானால் நன்று.

மூன்று நாள் மடிக்கணினியைத் திறக்கவில்லை. நான்காம் நாள் இரவு அப்பாவே நோட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். டைனமைட் கிடைத்துவிட்டது, கைப்பிடி இன்னும் கிடைக்கவில்லை என்று நோட்டைப் பார்த்துச் சொன்னார். வாசலை வெடிக்கும்போது ஹென்றி எங்கே நிற்க வேண்டும் என்று இடம்கூடக் குறித்துவைத்திருந்தார். நான் ஆட்டத்தைத் தொடங்கினேன். நடு அறை, சிறிய வெளிச்சம், சுவருக்குப் பின்னால் ஏதோ உரசுகிற ஓசை.

“இரு, போகாத,” என்றார். “ஜெனரேட்டர்ல எவ்ளோ கீது, பாரு.”

கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். ஏழு நிமிடம்.

“அவன் எந்தப் பக்கம் கீறான்?”

மிருகத்தை அவர் இப்போது ‘அவன்’ என்கிறார். வடக்குப் பக்கம் என்றேன். நோட்டில் குறித்துக்கொண்டார்.